44.4: கேரளம் வாங்கிய அவகாசம்

அனந்தபுரி எக்ஸ்பிரஸ் குழித்துறையைத் தாண்டிப் பாறசாலைக்குள் நுழையும்போது மாநிலம் மாறுகிறது. ஜன்னலுக்கு வெளியே எதுவும் மாறுவதில்லை. அதே ரப்பர் மரங்கள், அதே வாழை, ஓட்டு வீட்டு முற்றத்தில் அதே தென்னை. எதிர் இருக்கையில் நெய்யாற்றின்கரைக்குப் போகும் ஓர் அம்மா, கைபேசியில் தமிழில் பேச ஆரம்பித்து மலையாளத்தில் முடித்தார். இந்த எல்லையை மொழியே அவ்வளவாகப் பொருட்படுத்தாதபோது, காற்றில் பரவும் ஒரு வைரஸ் எங்கே பொருட்படுத்தப்போகிறது?

ஆனால் 2021ஆம் ஆண்டின் கணக்கு வேறு கதை சொல்கிறது. அந்த ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்காவது முறையாக நாடு முழுவதும் ரத்த மாதிரிகளைச் சோதித்தது. 21 மாநிலங்கள், 70 மாவட்டங்கள், ஆறு வயதுக்கு மேற்பட்ட 28,975 பேர். கொரோனா வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி யார் யார் ரத்தத்தில் இருக்கிறது என்பதே கேள்வி. இந்தியாவின் சராசரி 67.6 சதவீதம். தமிழ்நாடு 69.2. மத்தியப் பிரதேசம் 79. கேரளம் 44.4, எல்லா மாநிலங்களுக்கும் கீழே. கணக்கெடுப்பை வகுத்து நடத்தியது சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம். அந்த எண் பிறந்த ஊரிலிருந்து அது சொல்லும் ஊருக்கு நான் வந்துகொண்டிருந்தேன். சுவாச வைரஸ்களை உடல் எப்படி எதிர்கொள்கிறது என்று ஆராயும் நோயெதிர்ப்பியலாளர்களுக்கு அந்த 44.4 ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கேரளத்தின் தலைநகரத்தில் நடந்து பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

தம்பானூரில் ரயில் நின்றது. திருவனந்தபுரம் சென்ட்ரலை இந்த ஊர்க்காரர்கள் இன்றும் தம்பானூர் ஸ்டேஷன் என்றுதான் சொல்கிறார்கள். 1918இல் கொல்லத்திலிருந்து வந்த ரயில் பாதை கடற்கரைப் பக்கம் சாக்கையிலேயே நின்றுவிட்டது. நகரத்தின் நடுவுக்கு ரயில் வந்தது 1931இல். அப்போது எழுந்த கருங்கல் கட்டடம் இன்றும் முகப்பில் நிற்கிறது. நாகர்கோவில் பக்கமிருந்து ரயில் இங்கே வந்து சேர்வதற்கு 1979 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வெளியே வந்து சாலையைக் கடந்தால் எதிரில் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மத்தியப் பேருந்து நிலையம். நாகர்கோவில், களியக்காவிளை, கொல்லம், மூணாறு என்று நடத்துநர்களின் குரல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுகின்றன. ஒரு சுவாச வைரஸுக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது. ஆயிரக்கணக்கானோர் தோளோடு தோள் உரசி நின்று, பேசி, இருமி, சிரித்து, அடுத்த மணி நேரத்தில் தென்னிந்தியாவின் எல்லாத் திசைகளுக்கும் பிரிந்து போகும் இடம் இது.

பேருந்து நிலையத்துக்கு அருகிலேயே இந்தியன் காபி ஹவுஸ். லாரி பேக்கர் வடிவமைத்த சிவப்புக் கட்டடம். படிக்கட்டே இல்லாமல், சுற்றிச் சுற்றி மேலேறும் ஒரு சரிவுப் பாதை. அதன் ஓரமாகவே மேசைகளும் பெஞ்சுகளும். தலைப்பாகை கட்டிய பணியாளர் பீட்ரூட் மசாலா வைத்த தோசையையும் காபியையும் கொண்டுவந்து வைத்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவர் நெடுக ஓட்டைகள். வெளிச்சமும் காற்றும் அவற்றின் வழியாகத் தாராளமாக வந்து போகின்றன. குளிர்சாதனம் இல்லாமல் புழுக்கத்தை வெல்ல பேக்கர் கண்ட வழி அது. காற்றில் மிதக்கும் நுண்துளிகள் மூலம் பரவும் நோய்க்கு இதுதான் முதல் மருந்து என்பதை உலகம் 2020க்குப் பிறகு தாமதமாக ஒப்புக்கொண்டது. மூச்சு விடும் இடத்தில் காற்று மாறிக்கொண்டே இருந்தால் மூக்கைச் சென்றடையும் வைரஸின் அளவு குறைகிறது. உடல் போரிட வேண்டிய எதிரியின் எண்ணிக்கை தொடக்கத்திலேயே குறைகிறது.

மூக்கைத் தாண்டிய பிறகு நடப்பது ஒரு நேரப் போட்டி. வைரஸ் சில மணி நேரத்தில் ஒரு செல்லுக்குள் புகுந்து தன்னைப் பிரதி எடுக்கத் தொடங்கிவிடும். முன்பின் பார்த்திராத வைரஸ் என்றால், அதற்கென்றே பொருந்தும் ஆன்டிபாடிகளையும் டி செல்களையும் உடல் தயாரிக்க ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகிவிடும். அதுவரை யார் காப்பது? 1957இல் லண்டனில் அலிக் ஐசக்ஸ், ழான் லிண்டன்மன் என்ற இருவர், கோழி முட்டையின் சவ்வில் இன்ஃபுளுவென்ஸா வைரஸை வைத்துச் சோதித்தபோது ஒரு விடை கிடைத்தது. வைரஸைச் சந்தித்த செல்கள் ஒரு பொருளை வெளியிடுகின்றன. பக்கத்துச் செல்கள் அதை உணர்ந்ததும் தங்கள் உள்வேலைகளை மாற்றிக்கொண்டு வைரஸ் பெருக இடம் கொடுக்க மறுக்கின்றன. அதற்கு இன்டர்ஃபெரான் என்று பெயர் வைத்தார்கள். இன்டர்ஃபெரான் வைரஸைக் கொல்வதில்லை. அது அவகாசம் வாங்கித் தருகிறது. பின்னால் தயாராகிக்கொண்டிருக்கும் படை வந்து சேரும்வரை எதிரியின் வேகத்தைக் குறைக்கிறது.

அந்த அவகாசம் எவ்வளவு விலைமதிப்புள்ளது என்பது 2020இல் தெரிந்தது. ழான் லோரான் காஸனோவாவின் ஆய்வுக் குழு, உயிருக்குப் போராடிய 987 கொரோனா நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்தது. அவர்களில் 101 பேரின் உடலில், தங்கள் சொந்த இன்டர்ஃபெரானையே முடக்கும் ஆன்டிபாடிகள் இருந்தன. அவர்களுக்கு முதல் சில நாட்களின் தடை இல்லாமல் போனது. அடுத்து வந்த படை எவ்வளவு பெரிதாக இருந்தும் நேரம் கடந்துவிட்டது. தீவிர நோய் என்பது பல சமயம் எதிர்ப்பு இல்லாததால் வருவதில்லை. எதிர்ப்பு தாமதமாக வந்து, வந்தபின் அடங்காமல் போவதால் வருகிறது.

தம்பானூரிலிருந்து கிழக்கே தைக்காடு. அங்குள்ள அரசுப் பெண்கள், குழந்தைகள் மருத்துவமனையின் வாசலில் அன்று நல்ல கூட்டம். கேரளத்தில் புதன்கிழமை குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நாள். கைக்குழந்தையோடு பாட்டிமார், பிறந்த தேதி எழுதிய அட்டையைக் கையில் பிடித்தபடி இளம் தாய்மார். கக்குவான், டிப்தீரியா, தட்டம்மை, நிமோனியா என்று அந்த அட்டையில் இருக்கும் பெயர்களில் பாதிக்கு மேல் மூச்சின் வழியாக வருபவை. இந்த வரிசைக்கு இந்த ஊரில் நீண்ட வரலாறு உண்டு. 1879இலேயே திருவிதாங்கூர் அரசு, அரசு ஊழியர்களும் பள்ளி மாணவர்களும் சிறைக் கைதிகளும் அம்மை குத்திக்கொள்வதைக் கட்டாயமாக்கியது. தடுப்பூசிக்காக வரிசையில் நிற்பதை ஐந்தாறு தலைமுறையாகப் பழகிய சமூகம் இது. 2021இல் அந்தப் பழக்கம் கைகொடுத்தது.

இன்னும் சிறிது தூரம் போனால் பூஜப்புரை. அங்கேதான் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையம். 2007 முதல் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையின் கீழ் இயங்கும் நிறுவனம். இங்குள்ள ஜான் பெர்னெட் ஜான்சன் நீண்ட காலமாக ஒரே கேள்வியைத் தொடர்ந்து வருகிறார்: ரத்தத்தில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் காம்ப்ளிமென்ட் என்ற புரதக் கூட்டம் வைரஸை என்ன செய்கிறது? இந்தப் புரதங்களுக்கு முன் அனுபவம் தேவையில்லை. வைரஸ் மேல் ஒட்டிக்கொண்டு, ஒன்று அடுத்ததைத் தூண்டி, தொடராக வேலை செய்பவை அவை. அமெரிக்காவில் கிரிஃபித் பார்க்ஸுடன் அவர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், நெருங்கிய உறவுள்ள இரண்டு வைரஸ்களை எடுத்துக்கொண்டார்கள். ஒன்று பொன்னுக்கு வீங்கி தருவது, மற்றது அதன் குடும்பத்தைச் சேர்ந்த பாராஇன்ஃபுளுவென்ஸா வகை. இரண்டையும் காம்ப்ளிமென்ட் முடக்கியது. ஆனால் ஒன்றின் உறையை உடைத்துச் சிதைத்தது. மற்றதன் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக்கி நகரவிடாமல் செய்தது. ஒரே குடும்பத்து வைரஸ்கள், ஒரே மனித ரத்தம், இரண்டு வேறு முடிவுகள். திருவனந்தபுரத்துக்கு வந்த பிறகும் அவருடைய குழு இந்தப் பாதையிலேயே போனது. குழந்தைகளின் மூளையைத் தாக்கும் சாந்திபுரா வைரஸைக் காம்ப்ளிமென்ட் முடக்குவதற்கு சி1க்யூ என்ற ஒரு புரதம் கட்டாயம் தேவை என்று 2019இல் காட்டினார்கள். நோய் எதிர்ப்பு என்று நாம் ஒற்றைச் சொல்லில் பேசுவதற்குள் இத்தனை தனித்தனி வேலைகள் இருக்கின்றன. இவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கும் பொறுமை இல்லாவிட்டால் அடுத்த வைரஸ் வரும்போது நம் கையில் எதுவும் இருக்காது.

அங்கிருந்து பூந்துறைக்கு ஆட்டோ பிடித்தேன். பேச்சைக் கேட்டதும் ஓட்டுநர் தமிழுக்கு மாறினார், எல்லைப் பக்கத்துக்காரர். “பூந்துறையா சார்? அந்த நேரம் அங்க ஆட்டோ விடமாட்டாவ” என்றார். கிழக்கேகோட்டையைத் தாண்டி மணக்காடு, அம்பலத்தறை வழியாகக் கடலை நோக்கிப் போகும்போது அவரே தொடர்ந்தார். “சவாரி இல்லாம ரொம்ப கஷ்டப்பட்டோம். ஆனா எங்க அம்மைக்கு ரெண்டு ஊசியும் போட்ட பொறவுதான் எங்க வீட்டுக்கு அது வந்துச்சு. மூணு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். அம்மை இப்பவும் சொகமா இருக்கா.” 44.4 என்ற எண்ணுக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்த ஆய்வுத்தாளிலும் படித்ததில்லை.

பூந்துறையில் வீடுகள் நெருக்கமாக நிற்கின்றன. சுவருக்குச் சுவர் ஒட்டிய மீனவக் குடியிருப்புகள், குறுகிய சந்துகள், கடல் அரித்த கரை. 2020 ஜூலை 17 அன்று இந்த ஊரிலும் தெற்கே புல்லுவிளையிலும் சமூகப் பரவல் நிகழ்ந்துவிட்டதாக முதலமைச்சர் பினராயி விஜயன் அறிவித்தார். நாட்டில் அரசுகள் எல்லாம் அந்தச் சொல்லை உச்சரிக்கத் தயங்கிய நேரம் அது. புல்லுவிளையில் சோதித்த 97 பேரில் 51 பேருக்குத் தொற்று இருந்ததாக அன்று அவர் சொன்னார். அதற்குச் சில நாட்கள் முன்பு ஊரைச் சுற்றிக் கமாண்டோக்கள் நிறுத்தப்பட்டார்கள். உணவுக்கும் தொழிலுக்கும் வழியில்லாமல் அடைபட்ட மக்கள் தெருவில் இறங்கினார்கள், சுகாதாரப் பணியாளர்களின் வாகனம் மறிக்கப்பட்டது. அடுத்த சில நாட்களிலேயே அதே ஊர் அதே பணியாளர்களைப் பூத்தூவி வரவேற்றது. அவகாசம் வாங்குவதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை எல்லோரும் சமமாகக் கொடுக்கவில்லை. கடலுக்குப் போகாவிட்டால் அன்று சோறில்லை என்ற வீடுகள்தாம் அதிகம் கொடுத்தன.

இப்போது அந்த எண்களை வரிசையாக வைத்துப் பார்க்கலாம். இந்தியாவில் முதல் கொரோனா நோயாளி 2020 ஜனவரி 30 அன்று கேரளத்தில்தான் கண்டறியப்பட்டார், திருச்சூரில், வூஹானிலிருந்து திரும்பிய மாணவி. நோய் முதலில் நுழைந்த மாநிலம் அதுவாக இருந்தும், அதே ஆண்டின் கடைசியில் தொடங்கிய மூன்றாவது கணக்கெடுப்பில் நாட்டில் ஐந்தில் ஒருவருக்கு ஆன்டிபாடி இருந்தபோது கேரளத்தில் 11.6 சதவீதத்தினருக்கே இருந்தது. 2021 ஆகஸ்டில் நாட்டின் அன்றாடத் தொற்றில் பாதிக்கு மேல் கேரளத்தில் பதிவாயிற்று. கேரள மாதிரி தோற்றுவிட்டது என்று பலர் எழுதினார்கள். ஆனால் அடுத்த மாதம் மாநில சுகாதாரத் துறையே ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 82.6 சதவீதத்தினருக்கு ஆன்டிபாடி இருந்தது. 5 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் 40.2 சதவீதத்தினருக்கு மட்டுமே. அப்போது குழந்தைகளுக்குத் தடுப்பூசி இன்னும் வரவில்லை. எனவே குழந்தைகளின் எண், பெரும்பாலும் நோய் தந்த எதிர்ப்பின் அளவு. பெரியவர்களின் எண்ணுக்கும் அதற்கும் இடையே இருக்கும் பெரிய இடைவெளியைத் தடுப்பூசியே நிரப்பியிருக்கிறது. கடலோரத்தில் மட்டும் 87.7 சதவீதம். பூந்துறை போன்ற ஊர்கள் இரண்டு வழியிலும் எதிர்ப்பைப் பெற்றிருந்தன.

இங்கேதான் எனக்கு எல்லாம் பிடிபட்டது. ஆன்டிபாடி எப்படி வந்தது என்று ரத்தம் சொல்லாது. 79 சதவீதம் என்றால் அத்தனை பேர் காப்புப் பெற்றார்கள் என்று மட்டும் படிக்கக் கூடாது. அவர்களில் பெரும்பாலோர் தடுப்பூசி வருமுன்பே நோயைச் சந்தித்தார்கள் என்றும் படிக்க வேண்டும். இறந்தவர்கள் அந்தக் கணக்கெடுப்பில் ரத்தம் கொடுக்கவில்லை. 44.4 என்றால் பாதிக்கு மேற்பட்டவர்கள் அதுவரை நோயையே சந்திக்காமல், தடுப்பூசியும் வந்து சேராமல் இருந்தார்கள் என்று பொருள். அவர்களுக்கு அடுத்த சில மாதங்களில் ஊசி கிடைத்தது. ஓர் உடலுக்குள் இன்டர்ஃபெரான் செய்யும் வேலையை ஒரு மாநிலம் தன் மக்கள் கூட்டத்துக்குச் செய்தது: எதிரியை வெல்லவில்லை, வேகத்தைக் குறைத்தது, கற்றுக்கொள்ள வேண்டியவர்களுக்கு நேரம் வாங்கித் தந்தது.

இதனால் கேரளம் துயரமின்றித் தப்பியது என்று சொல்ல முடியாது. விடுபட்ட மரணங்களைப் பின்னால் சேர்த்தபோது மாநிலத்தின் அதிகாரப்பூர்வ எண்ணிக்கை 70,000ஐத் தாண்டியது. நாட்டிலேயே முதியவர்கள் அதிக விகிதத்தில் வாழும் மாநிலம் இது. வயது கூடக்கூட, டி செல்கள் முதிர்ச்சி பெறும் தைமஸ் சுரப்பி சுருங்கிக்கொண்டே வருகிறது. புதிய வைரஸை எதிர்கொள்ளப் புதிய செல்கள் குறைவாகவே கிடைக்கின்றன. அந்த முதியவர்கள் தடுப்பூசி இல்லாத 2020இல் பெருமளவில் தொற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யோசித்துப் பார்க்கவே மனம் கூசுகிறது.

மறுபடி தம்பானூர் வந்து, தேசிய நெடுஞ்சாலையில் வடக்கே போகும் பேருந்தில் ஏறினேன். கழக்கூட்டம், கணியாபுரம், மங்கலபுரம் தாண்டினால் தோன்னக்கல். குமாரன் ஆசான் வாழ்ந்த ஊர். இப்போது இங்கே இன்னொரு முகவரியும் உண்டு: மாநில அரசின் மேம்பட்ட வைராலஜி நிறுவனம். 2018 மே மாதம் கோழிக்கோட்டுப் பக்கம் நிபா வைரஸ் உயிர்களைப் பறித்துக்கொண்டிருந்த அதே நாட்களில் இதற்கு அடிக்கல் நாட்டினார்கள். அந்த நோய்க்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. அப்போது ஆஸ்திரேலியாவிலிருந்து எம்102.4 என்ற ஆன்டிபாடியை விமானத்தில் வரவழைத்தார்கள். நிபாவுக்கும் அதன் உறவான ஹெண்டிராவுக்கும் எதிராக ஆய்வகத்தில் தேர்ந்தெடுத்து உருவாக்கிய ஒற்றை ஆன்டிபாடி அது.

ஆன்டிபாடியை வெளியிலிருந்து கொடுத்தால் போதும் என்று எண்ணிவிடவும் முடியாது. 2020 ஏப்ரலில், குணமானவர்களின் பிளாஸ்மாவைக் கொரோனா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க இந்த நகரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்துக்கு அனுமதி கிடைத்தபோது நாடே எதிர்பார்ப்போடு பார்த்தது. பிறகு 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முறையாகச் சோதித்தது. பிளாஸ்மா பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் நோய் முற்றுவதிலோ இறப்பிலோ வேறுபாடு இல்லை. நுரையீரல் பாதிக்கப்பட்டு மருத்துவமனைக்கு வந்த பிறகு கொடுக்கும் ஆன்டிபாடி, நேரம் கடந்து வரும் உதவி. ஆய்வு முடிவு ஏமாற்றம் தந்தாலும், அதை வெளியே சொன்னதால் பின்னால் வந்த எத்தனையோ குடும்பங்கள் பிளாஸ்மாவுக்காக அலையும் துன்பத்திலிருந்து தப்பியிருக்க வேண்டும். ஆய்வின் பயன் அதுதான்.

உடலின் நினைவு எவ்வளவு நீளமானது என்பதற்கும் சான்றுகள் உண்டு. 1918 இன்ஃபுளுவென்ஸாவில் பிழைத்த முதியவர்களின் ரத்தத்தில், அந்த வைரஸை அடையாளம் காணும் பி செல்கள் 90 ஆண்டுகளுக்குப் பிறகும் இருந்ததை 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. 2003இல் சார்ஸ் வந்து குணமானவர்களிடம் 17 ஆண்டுகள் கழித்தும் அதற்கான டி செல்கள் இருந்ததைச் சிங்கப்பூரில் கண்டார்கள். ரத்தத்தில் ஆன்டிபாடி குறைந்துவிட்டது என்பதற்காக உடல் மறந்துவிட்டது என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்த நினைவு பெரும்பாலும் ரத்தத்திலும் எலும்பு மஜ்ஜையிலும் நிணநீர்க் கணுக்களிலும் இருக்கிறது. வைரஸ் நுழையும் மூக்கிலும் தொண்டையிலும் காவல் சீக்கிரமே குறைந்துவிடுகிறது. அதனால்தான் ஊசி கடும் நோயைத் தடுத்த அளவுக்குத் தொற்றைத் தடுக்கவில்லை. மூக்கின் சவ்வில் சுரக்கும் ஐஜிஏ ஆன்டிபாடியைத் தூண்டும் நோக்கத்தோடு பாரத் பயோடெக்கின் மூக்குவழித் தடுப்பு மருந்துக்கு 2022 செப்டம்பரில் இந்தியா அனுமதி கொடுத்தது. அந்தத் திசையில் போக வேண்டிய தூரம் இன்னும் அதிகம்.

தோன்னக்கலில் நிற்கும்போது எனக்குத் தோன்றியதைச் சொல்லி முடிக்கிறேன். அடுத்த சுவாச வைரஸ் எங்கிருந்து வரும், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்தால் முதல் நாளிலேயே அதற்கான தடுப்பூசி நம்மிடம் இருக்காது என்பது மட்டும் உறுதி. அன்று நமக்குத் தேவைப்படுவது அவகாசம். அதை வாங்கித் தருபவை காற்றோட்டமுள்ள கட்டடங்கள், மூக்கு மறைக்கும் துணி, உண்மையை மறைக்காத அரசு, கதவு தட்டும் சுகாதாரப் பணியாளர், வேலைக்குப் போகாத நாளில் மீனவர் வீட்டுக்கு வந்து சேரும் அரிசி. அந்த அவகாசத்தைப் பயனுள்ளதாக்குபவை ஆய்வகங்கள். சந்தடி ஓய்ந்த பிறகும் பூஜப்புரையிலும் தோன்னக்கலிலும் அயப்பாக்கத்திலும் விளக்கு எரிய வேண்டும், அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும். நோய் அடங்கிய பின் இந்த இரண்டில் எதையும் வீண் செலவென்று வெட்டிவிடும் அரசுக்கு 44.4 என்ற எண் கொடுக்கும் பாடம் ஒன்றுதான்: தாமதப்படுத்திய ஒவ்வொரு மாதமும் யாரோ ஒருவருடைய அம்மாவைத் தடுப்பூசி வரும்வரை உயிரோடு வைத்திருந்தது.